சாடியில் வைத்த துலிப் மலர்கள் ஒரே இரவில் சாய்ந்துவிடுவது ஏன்?

இளவேனில் (சனிக்கிழமை, காலை)

அனைவருக்கும் வணக்கம். வசந்த காலம் தொடங்கியதும் வீட்டு மேசையில் துலிப் மலர்களை வைக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையை நேற்று மாலை நிறைவேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சி ஓர் இரவுக்கு மேல் நீடிக்கவில்லை. பத்துத் தண்டுகள் கொண்ட ஒரு கட்டு, இளஞ்சிவப்பு நிறம், எல்லாம் மூடிய மொட்டுகள். ஏறத்தாழ 25 செ.மீ. உயரமுள்ள, வாய் அகன்ற கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவுக்குக் குழாய் நீரை ஊற்றி, கட்டோடு கொடுத்த சிறு பொட்டலத்தில் இருந்த தூளையும் கரைத்து, மொட்டுகள் அனைத்தும் கவிழ்த்த கிண்ணம் போல் ஒரே வளைவில் நிற்கும்படி பொறுமையாக அடுக்கினேன். உறங்கப் போகும் முன் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் அந்த வடிவத்தின் சுவடே இல்லை. ஏழு தண்டுகள் சன்னலை நோக்கி வளைந்திருக்கின்றன. இரண்டு, சாடியின் விளிம்பைத் தாண்டித் தொங்கி, மொட்டைத் தரையை நோக்கித் தாழ்த்தியிருக்கின்றன. ஒன்று மட்டும் மற்றவற்றை விட இரண்டு விரற்கடை உயர்ந்து தனியே நிற்கிறது. வெயில் ஏறியதும் மொட்டுகள் தட்டுப் போல அகல விரிந்து, உள்ளே இருக்கும் கறுத்த மகரந்தப் பைகள் வரை தெரியத் தொடங்கிவிட்டன. நான் எங்கே தவறு செய்தேன்? பெரிய அலங்காரம் எதுவும் வேண்டாம். வீட்டில் எளிமையாக அடுக்கி ஐந்தாறு நாட்கள் பார்த்து மகிழ வேண்டும் என்பதே என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தண்டும்இலையும் (சனிக்கிழமை, நண்பகல்)

வணக்கம், சகோதரி. நீங்கள் சொல்லும் மாற்றங்களில் பெரும்பாலானவை உங்கள் தவறால் வந்தவை அல்ல. துலிப் மலரை ரோஜாவைப் போலவோ செவ்வந்தியைப் போலவோ கருதி அடுக்கும் எல்லோருக்கும் முதல்முறை இதுதான் நேர்கிறது. அந்தப் பூக்களின் தண்டு வெட்டிய நேரத்தில் எவ்வளவு நீளமோ, ஏறத்தாழ அதே நீளத்தில் இறுதிவரை இருக்கும். துலிப்பின் தண்டு வெட்டிய பின்னும் சாடிக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதை நானே அளந்து பார்த்தேன். ஒரு தண்டில், மொட்டுக்குக் கீழே ஒரு செ.மீ. இடைவெளி விட்டுப் பேனாவால் ஒரு கோடும், அதற்குக் கீழே ஒவ்வொரு இரண்டு செ.மீட்டருக்கும் ஒரு கோடும் இட்டு, நாள்தோறும் காலையில் அளவுகோலை வைத்துக் குறித்துவந்தேன். தண்டின் அடியில் இருந்த கோடுகள் அசையவே இல்லை. கடைசி இலைக்கும் மொட்டுக்கும் இடையில் இருந்த கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போயின. ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தண்டு முதல் நாளை விட நாலரை செ.மீ. நீண்டிருந்தது. புதிய உயிரணுக்கள் உண்டாவதால் நிகழும் வளர்ச்சி அல்ல இது. முன்பே உள்ள உயிரணுக்கள் நீரை உறிஞ்சி நீள்கின்றன. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி அதைத் தூண்டுகிறது. எனவேதான் துலிப் இவ்வளவு நீர் குடிக்கிறது.

அந்த வளரும் பகுதி மென்மையானது, வளையக்கூடியது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால், நிழல் விழும் பக்கம் சற்று வேகமாக நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்புகிறது. விளிம்பில் சாய்ந்திருக்கும் தண்டின் நுனி, புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கித் திரும்ப முயல்கிறது. உங்கள் ஏழு தண்டுகள் சன்னல் பக்கம் போனதற்கு முதல் காரணம் போதும். தொங்கிய இரண்டைப் பற்றி எனக்கு வேறு ஐயம் உண்டு. வளர்ச்சியால் வளைந்த தண்டின் நுனி மேலே பார்க்குமே தவிர, கீழே பார்க்காது. மொட்டு தரையை நோக்கித் தாழ்ந்திருந்தால் அத்தண்டுக்கு நீர் ஏறவில்லை என்று பொருள். தண்டுகளின் அடியை வெட்டினீர்களா? அடியில் வெள்ளையான, சற்றே கடினமான பகுதி இருந்ததா?

மலர் விரிந்ததற்குக் காரணம் வெப்பம். துலிப் இதழின் உட்புறம் வெதுவெதுப்பில் வேகமாக வளர்கிறது. வெளிப்புறம் குளிர்ச்சியில் வேகமாக வளர்கிறது. அறை சூடேறினால் இதழ்கள் வெளியே மடிந்து மலர் திறக்கிறது. குளிர்ந்தால் மீண்டும் குவிகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் சிறிது நீள்வதால், நான்காம் நாள் மலர் முதல் நாள் மலரை விடப் பெரிதாகத் தெரியும். சாடியைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்; இன்று இரவே மலர்கள் குவிவதைப் பார்ப்பீர்கள்.

நீர்ச்சால் (சனிக்கிழமை, பிற்பகல்)

தொங்கும் தண்டுகளை நிமிர்த்துவதற்கு நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். அடியில் இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு, எல்லாத் தண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, மொட்டின் உச்சிக்கு மேல் சற்று நீளும்படி செய்தித்தாளில் கூம்பு வடிவில் இறுக்கமாகச் சுற்றி, அவிழாமல் ஒட்டிவிடுங்கள். தாளுக்குள் ஒவ்வொரு தண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் எந்த நிலையில் சுற்றுகிறீர்களோ அந்த நிலையிலேயே தண்டு விறைத்துக்கொள்ளும். பிறகு ஆழமான குளிர்ந்த நீரில், வெளிச்சம் குறைந்த இடத்தில், குறைந்தது இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது.

இளவேனில் (சனிக்கிழமை, மாலை)

இருவருக்கும் நன்றி. அடியை வெட்டவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டை அவிழ்த்து அப்படியே நீரில் வைத்துவிட்டேன். தொங்கிய இரண்டு தண்டுகளின் அடியிலும் ஐயா சொன்னது போலவே வெண்மையான பகுதி இருக்கிறது. மற்றவற்றின் அடி பச்சையாகவே இருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் வெட்டித் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஐயம். தாளில் சுற்றி நிமிர்த்திய தண்டுகள் அதன்பின் நேராகவே இருந்துவிடுமா, அல்லது மறுபடியும் வளையுமா? வளர்ச்சியை நிறுத்த மொட்டுக்குக் கீழே ஊசியால் குத்த வேண்டும் என்றும், நீரில் செப்புக் காசு போட வேண்டும் என்றும் என் உறவினர் ஒருவர் சொல்கிறார். இவற்றில் உண்மை உண்டா?

கிளிஞ்சல் (சனிக்கிழமை, இரவு)

அவை வளையட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் துலிப் அடுக்கிவருகிறேன். முதல் சில ஆண்டுகள் நானும் தாளில் சுற்றினேன், மெல்லிய கம்பியைத் தண்டுக்குள் செலுத்தினேன், வளைந்ததை வெட்டி எறிந்தேன். இந்த மலரை மற்றப் பூக்களிலிருந்து வேறுபடுத்துவதே அதன் அசைவுதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட மலர் ஓவியங்களைப் பாருங்கள். பெரும்பாலான ஓவியங்களில் ஒரு துலிப்பாவது கூட்டத்தை விட்டு வெளியே வளைந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து நிற்கும். கண் முதலில் அங்கேதான் போகும். அந்த ஓவியர்கள் வெவ்வேறு பருவங்களில் பூக்கும் மலர்களையும் ஒரே சாடியில் வரைந்துவிடுவார்கள் என்பதால் அவற்றை உண்மையான அலங்காரத்தின் பதிவாகக் கொள்ள முடியாது. ஆனால் துலிப் தண்டின் வளைவை மட்டும் அவர்கள் உற்றுப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள்.

அதற்கு நேர்மாறான ஒரு மரபும் உண்டு, அதுவும் எனக்குப் பிடித்தமானதே. உதுமானியத் துருக்கியில், குறிப்பாக 1718 முதல் 1730 வரை நீண்டு பிற்காலத்தில் ‘துலிப் காலம்’ என்றே பெயர்பெற்ற ஆண்டுகளில், இதழ்கள் ஊசி போல் நீண்டு கூர்ந்திருக்கும் துலிப் வகைகளைப் போற்றினார்கள். ஒரே ஒரு தண்டை வைப்பதற்கென்றே கழுத்து மிகக் குறுகிய ‘லாலெதான்’ என்னும் குடுவை அவர்களிடம் இருந்தது; ‘லாலே’ என்பது துலிப்புக்கு அவர்கள் வழங்கும் பெயர். குறுகிய கழுத்து தண்டைத் தாங்கிப் பிடிப்பதால் மலர் நிமிர்ந்து நிற்கும். தண்டைக் குத்தாமலும் கட்டாமலும், கலத்தின் வடிவத்தாலேயே அதை நிற்க வைக்க முடியும் என்பதை அந்தக் குடுவை எனக்குக் கற்றுத் தந்தது.

எனவே, சகோதரி, முதல் இரவின் தோற்றத்தை அப்படியே காப்பாற்ற முயலாதீர்கள். மூன்றாம் நாள் அந்த மலர்கள் எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்த்து அதற்கேற்ப இடம் விட்டு அடுக்குங்கள். பத்து மொட்டுகளை நெருக்கமாக ஒரே வளைவில் நிறுத்தினால், அவை நீளும்போது ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குலைந்துவிடும். தொடக்கத்திலேயே இடைவெளி இருந்தால், அவை நீண்டு வளையும்போது அலங்காரம் விரிவடையும்.

தண்டும்இலையும் (ஞாயிற்றுக்கிழமை, காலை)

கிளிஞ்சல் அவர்களின் கருத்தைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் நீர் ஏறாமல் துவண்ட தண்டும், வளர்ந்து வளைந்த தண்டும் ஒன்றல்ல. முன்னதைத் தாளில் சுற்றிக் காப்பாற்றத்தான் வேண்டும், பின்னதை விட்டுவிடலாம். தாளில் சுற்றுவது தண்டுக்குள் நீரை நிரப்பி விறைக்கச் செய்யுமே தவிர, அதன் வளர்ச்சியை நிறுத்தாது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை, மறுநாளே அவை மீண்டும் வளையத் தொடங்கும் என்பதுதான்.

ஊசியையும் காசையும் நான் சோதித்திருக்கிறேன். ஒரே கட்டிலிருந்து பன்னிரண்டு தண்டுகளை எடுத்து, நான்கை ஊசியால் குத்தி ஒரு சாடியிலும், நான்கைச் செப்புக் காசு போட்ட நீரிலும், நான்கை வெறும் நீரிலும் வைத்து ஒரே மேசையில் வைத்தேன். ஆறு நாட்களும் மூன்று சாடிகளுக்கும் இடையில் என் கண்ணுக்கோ அளவுகோலுக்கோ வேறுபாடு தெரியவில்லை. பன்னிரண்டு தண்டுகளை வைத்து அறுதியிட்டுக் கூற முடியாது என்றாலும், மென்மையான தண்டில் தேவையின்றிக் காயம் உண்டாக்குவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பொட்டலத் தூளைப் பற்றி ஒரு சொல். பொதுவாகக் கிடைக்கும் மலர் உணவில் சர்க்கரை உண்டு. ரோஜா மொட்டு விரிவதற்கு அது உதவும். துலிப்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை. துலிப்பில் பெரும்பாலும் மலர் வாடும் முன்பே இலை மஞ்சளாகத் தொடங்கும். சர்க்கரை அதை விரைவுபடுத்தவும் கூடும். கிழங்கு மலர்களுக்கென்றே தனியாகத் தயாரித்த தூளில் சர்க்கரை குறைவாகவும், இலையைப் பச்சையாக வைத்திருக்கும் வளர்ச்சி ஊக்கிகள் சேர்ந்தும் இருக்கும். அது கிடைக்காவிட்டால் நாள்தோறும் மாற்றும் குளிர்ந்த நல்ல நீரே போதும்.

நீரின் அளவும் கவனிக்கத்தக்கது. தாளில் சுற்றியிருக்கும்போது ஆழமான நீர் வேண்டும். அலங்காரத்தில் வைத்தபின் ஐந்து முதல் எட்டு செ.மீ. வரை போதும், முக்கால் சாடி நீரில் மூழ்கிய மென்தண்டு விரைவில் அழுகி நீரைக் கலங்கச் செய்யும். ஆனால் குறைந்த நீர் வைத்தால் ஒருநாளும் மறக்காமல் பார்க்க வேண்டும். பத்துத் தண்டுகள் ஒரே இரவில் நீர்மட்டத்தைக் கண்கூடாகக் குறைத்துவிடும்.

மஞ்சள்மொட்டு (ஞாயிற்றுக்கிழமை, நண்பகல்)

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வசந்த அலங்காரம் என்றதும் பலரும் துலிப்புடன் டாஃபடில் மலரைச் சேர்ப்பார்கள். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் மஞ்சள் டாஃபடில்களையும் வெள்ளைத் துலிப்புகளையும் ஒரே நேரத்தில் வெட்டி ஒரே சாடியில் வைத்தேன். மறுநாள் மாலைக்குள் துலிப்புகள் எல்லாம் துவண்டுவிட்டன. டாஃபடில்கள் மட்டும் ஒரு குறையுமின்றி நின்றன. நீரைத் தொட்டுப் பார்த்தால் விரலில் கொழகொழப்பாக ஒட்டியது.

டாஃபடில் தண்டை வெட்டியவுடன் வழியும் அந்தக் கொழகொழப்பான சாறு, உடன் வைக்கும் மலர்களுக்குத் தீங்கானது. இரண்டையும் சேர்க்க விரும்பினால் டாஃபடில்களை முதலில் வெட்டி, தனிச் சாடியில் ஓர் இரவு முழுதும் வைத்து, சாறு வடிந்தபின் அந்த நீரைக் கொட்டிவிட்டு, அடியைக் கழுவித் துலிப்போடு சேர்க்கலாம். சேர்க்கும்போது அவற்றின் அடியை மறுபடியும் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் புதுச் சாறு வழியத் தொடங்கும். அந்த வெள்ளைத் துலிப்புகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிக நல்ல மலர்கள் அவை.

முள்தட்டு (ஞாயிற்றுக்கிழமை, மாலை)

மலரின் இயல்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இளவேனில் கேட்டது எளிமையான ஓர் அலங்காரம் என்பதால், நான் செய்யும் முறையைத் தொடக்கம் முதல் விளக்குகிறேன்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மொட்டு மூடியிருக்க வேண்டும், ஆனால் அதன் நிறம் வெளியே தெரிந்திருக்க வேண்டும். முற்றிலும் பச்சையாக வெட்டப்பட்ட மொட்டு சாடியில் சரியாக நிறம் கொள்ளாமலே போகலாம். இலைகள் விறைப்பாக, ஒன்றோடொன்று உரசும்போது கீச்சென்று ஒலிக்க வேண்டும். புத்தம் புதிய துலிப்பின் இந்த ஒலியை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வகையும் கொஞ்சம் கவனிக்கத்தக்கது: டார்வின் கலப்பினங்களுக்குத் தண்டு நீளம், மலர் பெரிது; அடுக்கிதழ்த் துலிப்புகளுக்குத் தலை கனம், ஆகவே விரைவில் தாழும்; இதழ் ஓரம் அலையலையாகக் கிழிந்தது போலிருக்கும் கிளித் துலிப்புகள் விரியும்போது பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். முதல்முறை செய்பவர்களுக்கு ஒற்றை அடுக்குள்ள, தண்டு தடித்த வகையே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அடியில் உள்ள வெள்ளைப் பகுதி முழுவதையும் கூர்மையான கத்தியால் நீக்கிவிடுகிறேன். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் தண்டை நசுக்கிவிடும். இலைகளில் நீருக்குள் மூழ்கக்கூடியவற்றைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தண்டிலும் மேலே ஓர் இலையையாவது விட்டுவைக்கிறேன். இலையே இல்லாத துலிப் எனக்கு உயிரற்றதாகத் தெரிகிறது. இலையைக் கிழிக்காமல், அது தண்டைச் சுற்றிப் பற்றியிருக்கும் இடத்தில் விரலால் பிரித்து, கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் முழுதாக வந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் அந்த மடிப்பில்தான் இருக்கும், கழுவிவிடுங்கள். பிறகு நீர்ச்சால் சொன்னபடி தாளில் சுற்றி இரண்டு மணி நேரம் வைக்கிறேன்.

கலத்துக்கு வருவோம். வாய் அகன்ற உயரமான சாடி துலிப்புக்குப் பொருந்தாது, ஏனெனில் தண்டுகள் அனைத்தும் விளிம்பை நோக்கிச் சரிந்து நடுவில் பள்ளம் விழும். நடுவில் பருத்து வாய் குறுகிய கலமோ, 12 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும் தாழ்ந்த கிண்ணமோ நல்லது. தாழ்ந்த கிண்ணம் என்றால் அடியில் ஒரு முள்தட்டு வேண்டும். ஜப்பானிய மலர்க்கலையில் ‘கென்சான்’ என்று அழைக்கப்படும், கனமான உலோகத்தில் பித்தளை முட்கள் நெருக்கமாகப் பதித்த தட்டு அது. முள்தட்டு இல்லாவிட்டால் கிண்ணத்தின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவைக் கட்டங்களாக ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டைச் செருகலாம். விளிம்பு ஈரமாக இருந்தால் நாடா ஒட்டாது. முதலில் நீரை ஊற்றி, விளிம்பை நன்கு துடைத்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

ஏழு அல்லது ஒன்பது தண்டுகள் எடுத்துக்கொள்கிறேன். முதல் தண்டு கலத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வெளியே தெரிய வேண்டும் என்பது பொது விதி. துலிப்புக்கு மட்டும் நான் அதை ஒரு மடங்காகக் குறைத்துவிடுகிறேன். அது வளர்ந்து தானே மீதியை நிரப்பிக்கொள்ளும். முதல் தண்டை நடுவிலிருந்து சற்று விலக்கி நிறுத்துகிறேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் அதைவிடக் குட்டையாக வெட்டி, எதிரெதிர்ப் பக்கம் சாய்க்கிறேன். முன்பே வளைந்த தண்டு ஏதேனும் இருந்தால், அதன் வளைவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கே அதைக் கொடுத்துவிடுகிறேன். எதிர்ப்பக்கம் திருப்பினால் இரண்டாம் நாள் அது மற்றவற்றின்மேல் வந்து விழும். எஞ்சியவற்றை விளிம்பையொட்டிச் செருகி, எந்த இரண்டு மொட்டும் ஒரே உயரத்தில் இல்லாதபடியும், ஒவ்வொரு மொட்டைச் சுற்றியும் இன்னொரு மொட்டு நுழையும் அளவுக்கு இடம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்கிறேன். முடித்தவுடன் அது சற்று வெறுமையாகத்தான் தெரியும். அந்த வெறுமையைக் கண்டு இன்னும் நான்கு தண்டுகளைச் செருகிவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

நீர்ச்சால் (ஞாயிற்றுக்கிழமை, இரவு)

முள்தட்டுக்குப் பதிலாகப் பச்சை நிற ஸ்பாஞ்ச் கட்டியைப் பயன்படுத்தலாமா என்று அடுத்து யாரேனும் கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். துலிப்புக்கு அது உகந்ததல்ல. மென்மையான தண்டு அதில் நுழையும்போதே நசுங்கிவிடுகிறது. நுழைந்தாலும், இந்த மலருக்கு வேண்டிய அளவு நீர் அதன் வழியாகக் கிடைப்பதில்லை. வளரும் தண்டு தன்னையே மேலே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. அது மக்காத நெகிழி என்பதும், உதிரும் துகள்கள் நீரோடு கலந்து போகின்றன என்பதும் வேறு. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையைப் பந்து போல் சுருட்டிக் கலத்துக்குள் வைத்தால், அதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்யும்.

பூனைவீடு (திங்கட்கிழமை, காலை)

அருமையான இழை. வீட்டில் பூனையோ நாயோ இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். துலிப் செடியின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் கிழங்கு, இந்த விலங்குகளுக்கு நஞ்சானவை. லில்லி மலர் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குக் கொடியது. துலிப் அவ்வளவு கொடியதல்ல என்றாலும், தின்றால் உமிழ்நீர் வடிதல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை வரும். இலையைக் கடிக்கும் பழக்கமுள்ள பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்துவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதர்களுக்கும் ஒன்று உண்டு. துலிப் கிழங்குகளையும் தண்டுகளையும் நாள்தோறும் கையாள்பவர்களுக்கு விரல் நுனியில் தோல் சிவந்து வெடிக்கும் ஒவ்வாமை வருகிறது. அதற்குத் ‘துலிப் விரல்’ என்றே பெயர். ஒரு கட்டு அடுக்குவதால் அது பெரும்பாலும் வராது. ஆனால் தோல் எளிதில் எரிச்சலடையும் இயல்புள்ளவர்கள் கையுறை அணிந்துகொள்வது நல்லது.

இளவேனில் (வியாழக்கிழமை, மாலை)

நான்கு நாட்களாகப் பார்த்தவற்றை எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு தாளில் சுற்றிய பத்தில் ஒன்பது தண்டுகள் ஞாயிறு காலையில் கோல் போல் நிமிர்ந்திருந்தன. தொங்கிய இரண்டில் ஒன்று மீளவில்லை. அதன் கழுத்து ஏற்கெனவே மடிந்திருந்தது. ஞாயிறு இரவு முள்தட்டு அவர்களின் பதிவைப் படித்தபின், வீட்டில் இருந்த தாழ்ந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஒட்டு நாடாவைக் கட்டங்களாக ஒட்டி, ஏழு தண்டுகளை மட்டும் வைத்தேன். மீதி இரண்டைத் தனித்தனியே, கழுத்துக் குறுகிய இரு சிறு புட்டிகளில் வைத்தேன். அது கிளிஞ்சல் அம்மா எழுதிய குடுவையின் நினைவால் செய்தது.

அடுக்கி முடித்தபோது கிண்ணம் வெறுமையாக இருப்பதாகத்தான் பட்டது. இன்னும் இரண்டைச் சேர்க்கக் கை நீண்டது, கடினப்பட்டு நிறுத்திக்கொண்டேன். திங்கள் காலையில் பெரிய மாற்றம் இல்லை. செவ்வாய் காலையில் மிக உயரமான தண்டு இடப்புறம் சரிந்து, நுனி மட்டும் மேல்நோக்கித் திரும்பி, அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் நான் குட்டையாக வெட்டி வைத்தது இப்போது நடுவளவு உயரத்துக்கு வந்துவிட்டது. ஒன்றும் ஒன்றின்மேல் மோதவில்லை. கிண்ணத்தை நாள்தோறும் காலையில் கால்வட்டம் திருப்பி வைப்பதால் எல்லாம் ஒரே பக்கம் சாயவும் இல்லை. அறையின் குளிர்ந்த மூலையில் இருப்பதால் பகலில் பாதியளவு விரிகின்றன. இரவில் விரலைக் குவித்தது போல மூடிக்கொள்கின்றன. நேற்று இரவு நெடுநேரம் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியடுக்கில் மூன்றும் உள்ளடுக்கில் மூன்றுமாக ஆறு இதழ்களும், ஒன்றின்மேல் ஒன்று பாதி படிந்தபடி, கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் நெருங்கி வந்தன.

புட்டிகளில் வைத்த இரண்டும் நேராகவே நிற்கின்றன. ஒன்றை அளந்து பார்த்தேன்; வைத்த நாளை விட மூன்று செ.மீ. கூடியிருக்கிறது.

இலைகளில் இரண்டின் நுனி மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. அதை என்ன செய்வது? மலர்கள் உதிரத் தொடங்கினால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

கிளிஞ்சல் (வியாழக்கிழமை, இரவு)

படிக்கப் படிக்க மனம் நிறைந்தது, மகளே. மஞ்சளான இலையை மட்டும் அடியோடு கழற்றிவிடு. மலர் நன்றாக இருக்கும்வரை தண்டைத் தொடாதே. எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்க வேண்டியதில்லை. எதன் இதழ் முதலில் தளர்கிறதோ, அதன் தண்டை மொட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, அகலமான தட்டில் ஆழமற்ற நீரில் மிதக்க விடு. நன்றாக விரிந்த மலர் அப்படி இன்னும் ஒரு நாள் இருக்கும். மேலிருந்து பார்க்கும்போது இதழ்களின் அடியில் உள்ள கறுத்த வட்டமும், நடுவில் மூன்றாகப் பிரிந்த சூலக முடியும், சுற்றிலும் ஆறு மகரந்தத் தண்டுகளும் தெளிவாகத் தெரியும். சாடியில் நிற்கும்போது பக்கவாட்டில் பார்க்கும் நாம் அவற்றைக் காண்பதே இல்லை.

ஒரு தண்டை எடுத்ததும் கிண்ணத்தில் உண்டாகும் இடத்தை நிரப்பாதே. பக்கத்தில் இருப்பது ஒரு நாளில் அங்கே வந்துவிடும்.